காதுக்குக் காவல்

"காவலுக்கு வந்ததே வீட்டைத் தின்னா யாரைத்தான் நம்புறது, அம்மா?"

கேட்டவள் இசக்கியம்மாள். மடத்துக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு குறையோடுதான் வருவாள்.

மடத்தின் தலைவி குருவம்மா அவளைவிடப் பத்து வயது சின்னவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எந்த வீடு?"

"என் மக காதுதான். சின்னதுல சீழ் வடிஞ்சுது. கிருமிதான் கெடுத்துச்சுன்னு இருந்தேன். அது பாதிதானாம். கிருமியை விரட்ட வந்த ரத்தத்து வெள்ளை அணுக்கள், சண்டை ஓய்ஞ்ச பிறகும் உள்ளேயே நின்னுருச்சாம். செவிப்பறைக்குப் பின்னால பொடி எலும்பு மூணு இருக்காம். அதுல ஒண்ணு அரிச்சுப்போனதே அந்தக் காவலாலதான்னு டாக்டர் சொன்னார்."

"ஏன் போகலையாம்?"

"முடிஞ்சுது, போன்னு சொல்ல ஆளில்லை போலிருக்கு."

குருவம்மா ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இப்போ எப்படி இருக்கு?"

"ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. ஆறிருச்சுங்காங்க. கேட்கத்தான் மாட்டேங்குது. கோயம்புத்தூர்ல வேலைக்குக் கூப்பிட்டாங்க. எப்படி அனுப்புவேன்? பின்னால பஸ் வந்தா தெரியுமா அவளுக்கு?"

மகள் சுகந்தி வாசற்படியில், முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சுகந்தி," என்றார் குருவம்மா.

அவள் திரும்பவில்லை.

"பார்த்தீங்கல்ல," என்றாள் இசக்கியம்மாள்.

குருவம்மா எழுந்து போய்ப் பார்த்தார். சுகந்தியின் இரண்டு காதிலும் பஞ்சு.

"இது என்ன?"

"காத்து படக்கூடாதே. தினம் காலையில நானேதான் எண்ணெய் தொட்டு வைக்கேன்."

"டாக்டர் எத்தனை நாள் வைக்கச் சொன்னார்?"

இசக்கியம்மாள் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"ஆறு வாரம்."

"எடுங்க."

இசக்கியம்மாள் வந்து எடுத்தாள். பஞ்சு கதகதப்பாக இருந்தது.

குருவம்மா சுகந்தியிடம் குனிந்தார். "நீ ஏம்மா சொல்லலை?"

"எடுத்தா அம்மா அழுவா."

குருவம்மா திரும்பி வந்து முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். இசக்கியம்மாளும் பின்னாலேயே வந்து எதிரில் உட்கார்ந்தாள். பஞ்சை எங்கே போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குருவம்மா இன்னும் இரண்டு கல்லைப் பொறுக்கினார். பிறகு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார்.

"கோயம்புத்தூர்ல எப்போ வந்து சேரச் சொல்லியிருந்தாங்க?"

இசக்கியம்மாள் தலை குனிந்தாள்.

வாசற்படியிலிருந்து, திரும்பாமலே, சுகந்தி சொன்னாள்:

"போன திங்கக்கிழமை."