மூன்றாம் படி

படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் கட்டற்ற மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் கையேட்டைச் சம்பளமில்லாமல் தமிழாக்கும் குழு, ஞாயிறுதோறும் திருநெல்வேலியில் ஒரு கல்லூரிக் கணினி அறையில் கூடும். அங்கே குரு ஹாஜிரா, வயது இருபத்தேழு. சீடர் தங்கப்பழம், ஓய்வுபெற்ற நில அளவையர், வயது அறுபத்திரண்டு. இதில் இருவருக்கும் சங்கடம் ஏதும் இல்லை.

தங்கப்பழத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த வரியையும் தமிழாக்கும் முன், அதில் சொன்னதை வீட்டுப் பழைய கணினியில் செய்து பார்ப்பார். உத்தியோகத்திலும் அளந்து பார்க்காமல் ஒரு கல் நட்டதில்லை.

அன்று அவர் கேட்டார்: "டீச்சர், இங்கிலீஷ் மூலமே தப்பா இருந்தா மொழிபெயர்க்கிறவன் என்ன செய்யணும்?"

"என்ன தப்பு?"

"பழைய டிஸ்க்கை அழிக்கணும்னு மூணாவது படியில சொல்லுது. புது டிஸ்க்குல எல்லாம் வந்திருக்கான்னு நாலாவதுலதான் பாக்கச் சொல்லுது. செஞ்சு பாத்தேன். பாதிப் படம் போச்சு. தமிழ்ல ரெண்டையும் இடம் மாத்திட்டேன்."

"மூலத்தை எழுதினவங்ககிட்ட சொன்னீங்களா?"

தங்கப்பழம் சுவரைப் பார்த்தார். சொன்னால் மூலம் மாறும். மாறினால் எல்லா மொழியிலும் அந்தப் பக்கம் மறுபடி சரிபார்ப்புக்குப் போகும். செவ்வாய்க்கிழமை புதுப் பதிப்பு. முழுதாக முடிந்த மொழிகள்தான் அதில் சேரும். பதினொரு மாத உழைப்பில் தமிழ் நேற்றுத்தான் நூறு சதவீதத்தைத் தொட்டிருந்தது. பேரன் பிறந்தபோதுகூட அவர் இத்தனை பேருக்கு ஃபோன் செய்யவில்லை.

"புதன்கிழமை சொல்லிக்கலாம்னு இருக்கேன். நம்ம ஆளுங்களுக்கு ஆபத்து இல்லையே."

ஹாஜிரா தன் மடிக்கணினியைத் திறந்து, ஒரு புது டிஸ்க்கைச் செருகினார்.

"ரொம்ப நாளா மாத்தணும்னு இருக்கேன். வாப்பா படமெல்லாம் இதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல."

கையேட்டின் ஆங்கிலப் பக்கத்தை எடுத்து, வரி வரியாகப் படித்துச் செய்யத் தொடங்கினார். முதல் படி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதைப் படித்துவிட்டு விரலை என்டர் பட்டனுக்குக் கொண்டு போனார்.

தங்கப்பழம் பாய்ந்து விசைப்பலகையைக் கையால் மூடினார்.

"வேண்டாம் டீச்சர்."

ஹாஜிரா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் சார்? தமிழ்லதான் சரியா இருக்கே."