பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழன் சடங்கில், இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் கால் கழுவிவிடப் பன்னிரண்டு பேர் வேண்டும். அந்தக் கடற்கரை ஊரில் பதினோரு பேர் எளிதாகக் கிடைப்பார்கள். கடைசி நாற்காலி இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது என்று யாரோ சொல்லிவைத்ததால் அதற்கு மட்டும் ஆள் வராது. கால் கழுவிய வரிசை வேதத்தில் இல்லை. ஊரில் உண்டு.

அந்த ஆண்டு தொம்மை தானாக வந்து கேட்டான். சொந்த அண்ணனின் படகு இன்ஜினைத் திருடி விற்று, சிறைக்குப் போய் வந்தவன்.

"கோயில் சேத்துக்கிட்டா வீட்டுலயும் சேத்துக்குவேன்னு பெர்னதெத் சொல்லிட்டா சாமி. அந்த நாற்காலியே போதும்."

"சரி, வா" என்றார் இருதயநாதர் சாமி.

அவன் போனதும், கோயில் காரியங்களில் சாமிக்கு உதவும் உபதேசியார் மிக்கேல்பிச்சை வாய் திறந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, தன்னைவிட இளையவரான இந்தச் சாமியிடம் வேதம் படிக்க வந்தவர். அவருடைய சந்தேகம் இன்னும் ஓய்வுபெறவில்லை.

"நம்பாதீங்க சாமி. பொண்டாட்டி கதவைத் திறக்கணும்னு அழுவுறான். கடவுளுக்காக இல்ல."

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

"அப்புறம் ஏன் வரச்சொன்னீங்க? மனந்திரும்பினது நெசமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"அதுக்குத் தீர்ப்பு நாள் இருக்கு. அந்த வேலைக்கு நம்மள யாரும் எடுக்கல. போய்ச் செம்பைத் துலக்கி வைங்க."

மாலையில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பதினோரு பேரின் கால்களில் சோப்பு மணத்தது. குதிகால்கள் கல்லில் தேய்த்து வெளுத்திருந்தன. சாமி தொடும் காலாயிற்றே என்று வீட்டிலேயே கழுவிவிட்டு வருவது ஊர் வழக்கம். தொம்மை கரைச் சேற்றோடு வந்திருந்தான். பெண்கள் பக்கம், தூணோரமாக, பெர்னதெத் நின்றாள்.

சாமி மண்டியிட்டு நகர, உபதேசியார் நீர் ஊற்றினார். பதினோரு பேரைக் கடந்தும் தாம்பாளத்து நீர் தெளிவாகவே இருந்தது.

கடைசி நாற்காலியின் முன் உபதேசியார் செம்பைச் சாய்க்கவில்லை.

"பாத்தீங்களா? இன்னைக்குக்கூடக் காலைக் கழுவிட்டு வரல. இவனா திருந்தினவன்?"

கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். ஆனாலும் போலீஸ்காரர் குரல். தொம்மை காலை உள்ளே இழுத்துக்கொண்டான். பெர்னதெத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

சாமி அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்துத் தாம்பாளத்து நீரில் சளப்பென்று வைத்தார். அந்தச் சத்தத்தில் பெர்னதெத் நின்றாள்.

"ஊத்துங்க உபதேசியாரே. இவ்வளவு நேரமும் கழுவின காலைத்தான் கழுவிக்கிட்டிருந்தோம்."