காய்ந்த உமி

கேள்வி கேட்க வந்தவர் ஆவுடையப்பன். வயது நாற்பத்தாறு. பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர் ருக்சானா. அவருக்கு முப்பத்தெட்டு.

இருபது வருஷமாகக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற மனுஷன், தன்னைவிட எட்டு வயது இளையவரிடம் பிஎச்.டி. மாணவராகச் சேர்ந்தபோது நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆவுடையப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும். அப்ப அவங்கதான வாத்தியார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மட்டில் நல்ல மனுஷன்தான்.

அன்று மத்தியானம் பல்கலைக்கழகத்தில் ருக்சானா மேடத்தின் அறைக்குள் நுழையும்போது தடித்த நோட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். முகம் வாடிக் கிடந்தது.

"மேடம், ரெண்டு செத்துப் போச்சு."

"எந்தக் குரூப்புல?"

"ஹார்மோன் குரூப்புல. ஒண்ணு முப்பத்தெட்டாம் நாள். இன்னொண்ணு இன்னைக்குக் காலையில."

சுண்டெலிகள் மொத்தம் இருபது. அத்தனையும் பெண். எல்லாவற்றுக்கும் சூலகத்தை எடுத்தாயிற்று. பத்து எலிகளுக்குப் பிடரித் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு பெல்லட். உள்ளே ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். அறுபது நாளைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். மற்றப் பத்துக்கும் அதே மாதிரி பெல்லட்தான், உள்ளே மருந்து மட்டும் கிடையாது.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேய்கிறதே, ஹார்மோன் கொடுத்தால் அது நிற்குமா என்பது ஆராய்ச்சி. எலிக்கும் அந்த நிலை வரத்தான் சூலகத்தை எடுத்தது. ஆவுடையப்பனின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வருஷம் கட்டிலோடு கிடந்து போனவள். அவர் இந்தத் தலைப்பை எடுத்தது அதனால்தான்.

எலும்பை அறுபதாம் நாள்தான் பார்க்க முடியும். அதுவரை தினமும் எடை பார்த்து எழுதுவார். அங்கேதான் அவருக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. இந்த ஹார்மோன் கொடுத்தால் எலியின் எடை குறையும் என்பது புத்தகம். இவருடைய எலிகளுக்கோ ஏறியது. போன வாரம் ஒரு கருத்தரங்கில் அந்த கிராஃபைத் திரையில் போட்டார். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூன்று தடவை சொன்னார்.

"கேக்க வந்தது என்னன்னா மேடம், இந்த ரெண்டையும் கணக்குலேர்ந்து எடுத்துரலாமா? மிச்சம் எட்டு இருக்கு. எட்டு போதும்லா?"

"வயித்தைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல மேடம். காலேஜுல முதல் பீரியடு இருந்துச்சு."

மேடம் எழுந்து வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார். "வாங்க."

விலங்குக் கூடம் கட்டிடத்தின் பின்பக்கம். கூண்டு சுத்தம் பண்ணும் வேலைக்கு இரண்டு வருஷமாக ஆள் போடவில்லை. ஆகவே ஆவுடையப்பனே செவ்வாயும் வெள்ளியும் வந்து கூண்டுகளில் பழைய உமியைக் கொட்டிவிட்டுப் புது உமி பரப்புவார். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

மேடம் மருந்தில்லாத கூண்டு ஒன்றைத் திறந்தார். ஒரு பிடி உமியை அள்ளினார்.

"கையை நீட்டுங்க சார்."

நீட்டினார். உமி ஈரமாக இருந்தது. மூத்திர நெடி மூக்கில் ஏறியது.

"என்னைக்கு மாத்தினீங்க?"

"வெள்ளிக்கிழமை."

மேடம் ஹார்மோன் கூண்டு ஒன்றைத் திறந்து, அவருடைய இன்னொரு கையில் ஒரு பிடி வைத்தார். ஆலையிலிருந்து அப்போதுதான் வந்தது போலச் சலசலத்தது.

"இது என்னைக்கு?"

"இதுகளுக்கு அடிக்கடி மாத்த வேண்டாம் மேடம். பத்து நாளு, பன்னிரண்டு நாளு தாங்கும். ரொம்பச் சமத்துப் பிள்ளைங்க. அசிங்கமே பண்ணாது. நான்கூட..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். இரண்டு கையிலும் உமி. எதைக் கீழே போடுவது என்று தெரியவில்லை.

மேடம் அந்தக் கூண்டிலிருந்து ஓர் எலியை எடுத்துத் தராசில் வைத்தார். இருபத்தொன்பது கிராம். பிறகு அதைக் கையில் மல்லாத்திப் பிடித்தார். அடிவயிறு கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது. கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்ல அழுத்தினார். எலி துடித்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் நீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

மறுபடி தராசில் வைத்தார். இருபத்தாறு.

ஆவுடையப்பன் கக்கத்தில் இருந்த நோட்டு நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. கருத்தரங்கில் கைதட்டு வாங்கியது எதற்கு என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

"அடைச்சுக்கிச்சா மேடம்?"

"அடைச்சுக்கிச்சு. இந்த ஹார்மோன் கூடிட்டா சுண்டெலிக்கு நீர் இறங்காது. அது மேல ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்."

"வலிக்குமா?"

மேடம் அவரைப் பார்த்தார்.

அம்மா கட்டிலில் கிடந்த மூன்று வருஷமும் ஆவுடையப்பன் காலையில் கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "நீர் போச்சாம்மா?" என்பதுதான். ஒரு நாள் இறங்காமல் போய் அவள் கத்தின கத்தலுக்குத் தெருவே கூடிவிட்டது. அதெல்லாம் பார்த்தவர். பார்த்தும் இந்த நாற்பத்தோரு நாளில் ஒரு நாள்கூட அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவில்லையே! சமத்து என்று கொஞ்சியிருக்கிறார். பாவி, பாவி என்று மனசுக்குள் அடித்துக்கொண்டார்.

"பெல்லட்டை எடுத்துட்டா?"

"நீர் இறங்கும். சிறுநீரகம் எவ்வளவு மிஞ்சியிருக்கோ, அவ்வளவு நாள் இருக்கும்."

"எடுத்துட்டா என் ஆராய்ச்சி?"

"அறுபது நாள் ஓடாம எலும்பைப் பாத்துப் பிரயோஜனம் இல்ல. முதல்லேர்ந்துதான் செய்யணும்."

"ஜூனோட என் பதிவு முடியுது மேடம். ஏற்கனவே ரெண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாச்சு. இனி தர மாட்டாங்க."

"தெரியும்."

"இன்னும் பத்தொம்பது நாள்தான். தினமும் வந்து நானே நீரை அழுத்தி எடுத்தா? காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க?"

மேடம் கையில் இருந்த எலியை அவரிடம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் இருக்கும். எடுங்க."

ஆவுடையப்பன் உமியைக் கொட்டிவிட்டு எலியை வாங்கினார். கட்டைவிரலை வயிற்றில் வைத்தார். எலி அவர் விரலைக் கடிக்கவில்லை. கடிக்கிற எலிதான் அது. பெல்லட் வைத்த அன்று அவரை இரண்டு இடத்தில் கடித்து ரத்தம் வரவைத்தது. இப்போது வாயைத் திறந்து மூடியதோடு சரி.

அவர் விரலை எடுத்துவிட்டார்.

"மயக்க மருந்து இருக்கா மேடம்?"

சாயங்காலம் வரைக்கும் வேலை நடந்தது. மேடம் மயக்கம் கொடுத்தார். ஆவுடையப்பன் பிடரியில் சின்னதாகக் கீறி, பெல்லட்டை எடுத்து, தையல் போட்டார். ஐந்தாவது எலி மேஜையிலேயே போய்விட்டது. அதன் மார்பை ஒற்றை விரலால் வெகுநேரம் அமுக்கிக்கொண்டே இருந்தார். "சார், போதும்" என்று மேடம் சொன்ன பிறகுதான் நிறுத்தினார். அதைத் திறந்து பார்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் தண்ணீர்ப் பையாக இருந்தன. மிச்சம் ஏழு.

எட்டு பெல்லட்டும் ஒரு கண்ணாடித் தட்டில் கிடந்தன. இன்னும் கசிவதற்குப் பத்தொன்பது நாள் மருந்து அவற்றில் இருந்தது.

கை கழுவும்போது ஆவுடையப்பன் கேட்டார்:

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"படிச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் மேடம்..."

"எடை ஏறுதுன்னு கிராஃப் கொண்டாந்தீங்க. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. நம்ம லேபுலேர்ந்து புதுசா ஒண்ணு போகுதேன்னு கையெழுத்துப் போட்டேன். என் ரூம் வாசப்படி இறங்கி இங்க வர நூறு அடி. வரலை." குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு நின்றார். "கருத்தரங்கு நடத்தினவங்களுக்கு நாளைக்குக் கடிதம் எழுதுவோம். என் பேர் முதல்ல இருக்கட்டும்."

ஆவுடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். மேடம் தன் மேல் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கூண்டுகளை வரிசையாக வைத்தார்கள். ஏழும் மயக்கம் தெளிந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. ஆவுடையப்பன் காய்ந்திருந்த உமி முழுவதையும் கொட்டிவிட்டுப் புது உமி பரப்பினார். பரப்பிவிட்டு ஒவ்வொரு கூண்டிலும் கையை வைத்துப் பார்த்தார். நாலாவது கூண்டில் ஓரமாக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் இருந்தது. அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது தரையில் கிடந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். நாற்பத்தோரு நாள் எடையும் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது. ஒரு அடித்தல் கிடையாது.

"இதைக் கிழிச்சுப் போட்டுரவா மேடம்?"

"வேண்டாம். எடை எழுதின பக்கம் அப்படியே இருக்கட்டும். பக்கத்துல எழுதுங்க."

"என்ன எழுத?"

"உமி காய்ஞ்சிருந்துச்சுன்னு எழுதுங்க. எந்தெந்த நாள் காய்ஞ்சிருந்துச்சோ, அந்தந்த நாளுக்கு நேரா."

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

"எந்த நாள்லேர்ந்து காய்ஞ்சுதுன்னு எனக்குத் தெரியலையே மேடம்."

"அதையும் எழுதுங்க."