முப்பது நாள் அனுமதி ஓலை

வெள்ளைக்கண்ணுச் செட்டியாரை அரசவை விகடர் சாத்தப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தது துறைமுகத்தில். தோணியில் ஒரு கால், பலகையில் ஒரு கால் வைத்து நின்றார். கரையில் ஓலைநாயகர் கூத்தாண்டார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூத்தாண்டார் ஒரு வெளியூர் வியாபாரிக்காக அழுவார் என்று ஒரு மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் நெய்தற்கோட்டையே சிரித்திருக்கும்.

கோட்டை வாசல் அவர் கையில் இருந்தது. அவர் அனுமதி ஓலை எழுதினால்தான் எந்த வியாபாரியும் உள்ளே வரலாம். யார் வந்தார், எப்போது வந்தார், எப்போது போனார், ஏன் போனார் என்று நான்கும் அவருடைய பதிவேட்டில் ஏறிவிடும். தம் வீட்டு விருந்தாளியைக்கூட எழுதாமல் விடமாட்டார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தம் குலப்பெருமையைத் தாமே ஆயிரம் பாட்டாகப் பாடி வைத்திருந்தார். வீட்டில் யார் தங்கினாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் நூறு, பின் நூறு. முடிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

சங்குத்தீவிலிருந்து ஒரு தோணிக் கிராம்போடு செட்டியார் வந்து நின்றார். விற்று முடிக்க முப்பது நாள் வேண்டும். தோணியிலேயே கிடந்தால் ஈரத்தில் பூசணம் பிடித்துவிடும். அவருக்கு இருந்த சொத்தெல்லாம் அந்தக் கிராம்புதான்.

"திரும்பிப் போவீர் என்பதற்கு அத்தாட்சி என்ன?" என்றார் கூத்தாண்டார். "மனைவி?"

"போய் ஆறு வருஷமாச்சு."

"பிள்ளைகள்?"

"இல்லை."

"நிலம், வீடு?"

"ஒரு கூரை இருக்கு. ஒழுகும்."

"அங்கே உம்மை இழுக்க ஒன்றுமில்லை. இங்கேயே தங்கிவிடுவீர். அடுத்தவர் வாரும்."

வழக்கு அரசர் வீரமாறரிடம் போனது. அரசருக்கு இப்படியொரு வழக்கென்றால் பாயசம் மாதிரி. அவர் சாத்தப்பன் பக்கம் திரும்பினார்.

"நாளை மதியத்துக்குள் இவர் திரும்பிப் போவார் என்பதற்கு அத்தாட்சி கொண்டு வா. இல்லையென்றால் தோணி கிளம்பட்டும்."

மறுநாள் சாத்தப்பன் தலைச்சுமையாகக் கொண்டு வந்தது கூத்தாண்டாருடைய பதிவேட்டை.

"நாயகரே, இதில் ஏதாவது பிழை இருக்குமா?"

"ஓர் எழுத்துப் பிழை காட்டும். பதவியை விடுகிறேன்."

"அது போதும்." சாத்தப்பன் ஓலைகளைப் புரட்டினார். "நாயகரின் மைத்துனர். தங்க வந்தது பத்து நாள். போனது இரண்டாம் நாள். காரணம், தலைவலி."

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நாயகரின் மாப்பிள்ளை. தலை தீபாவளி. எண்ணெய்க் குளியலுக்கு முன்பே கிளம்பிவிட்டார். காரணம், திடீர் வேலை."

"அவருக்கு உண்மையிலேயே வேலை இருந்தது," என்றார் கூத்தாண்டார்.

"இருக்கும். அடுத்தது, மகாராஜா வீரமாறர். தங்க நினைத்தது ஒரு நாள். போனது அரை நாழிகையில். காரணம், அவசர யுத்தம்."

அரசர் மீசையைத் தடவினார்.

"அது யாரோடு யுத்தம், மகாராஜா?"

"படி, படி. மேலே படி," என்றார் அரசர்.

"இதற்கு மேல் என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருஷத்தில் இவர் வீட்டில் மூன்று நாள் தாண்டியவர் ஒருவரும் இல்லை. செட்டியாரை அங்கே தங்க வையுங்கள். முப்பது நாள் எதற்கு, நாலாம் நாளே நீந்தியாவது ஊர் போய்ச் சேருவார்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கியது. ஓலையில் முத்திரை விழுந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "முப்பத்தோராம் நாள் அவர் இங்கே இருந்தால், அன்றிலிருந்து அந்த வீட்டில் நீ தங்குகிறாய்."

சாத்தப்பன் கவலைப்படவில்லை. நாலாம் நாள் வரைதான். அன்றும் செட்டியார் கடைத்தெருவில் கிராம்பு விற்றுக்கொண்டிருந்தார். பத்தாம் நாளும் விற்றார். இருபதாம் நாள் சாத்தப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிட்டார்.

"செட்டியாரே, காதில் பஞ்சு வைத்திருக்கிறீரா?"

"எதுக்கு? இப்போ நாலாம் தடவை ஓடுது. பாதி எனக்குப் புரியலை. அவர் கொள்ளுத்தாத்தா யானையை அடக்கினது மட்டும் புரியுது."

"பிறகு ஏன் கேட்கிறீர்?"

செட்டியார் ஒரு பிடி கிராம்பை அள்ளி முகர்ந்தார். "எங்க வீட்டில ஆறு வருஷமா சத்தமே இல்லை, ஐயா. இங்கே ஒருத்தர் நான் சாப்பிட்டேனான்னு பார்த்துட்டு அப்புறம்தான் மிச்சத்தைப் பாடுறார்."

கூத்தாண்டார் வீட்டுக்குக் குடிபோகச் சாத்தப்பன் அன்றே படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டார்.

முப்பதாம் நாள் காலை கூத்தாண்டாரே அரசரிடம் ஓடி வந்தார். செட்டியாருக்கு இன்னும் முப்பது நாள் நீட்டித்துத் தர வேண்டுமாம். அரசர் சம்மதித்தார். புது ஓலையைத் தூக்கிக்கொண்டு கூத்தாண்டாரும் சாத்தப்பனும் துறைமுகத்துக்கு விரைந்தபோது செட்டியார் தோணியில் கால் வைத்துவிட்டார்.

"இரும் ஐயா. இன்னொரு ஓலை வந்துவிட்டது," என்றார் கூத்தாண்டார்.

"முப்பது நாள்னு கேட்டேன். முப்பது நாள் ஆச்சு," என்றார் செட்டியார். "அடுத்த வருஷம் வரேன். யானைப் பாட்டை மட்டும் மறந்துடாதீங்க."

அடுத்த வருஷம் அவர் தோணி வரவில்லை. தீவில் காய்ச்சலில் போய்விட்டதாகச் செய்திதான் வந்தது.

அந்தப் பதிவேடு இன்னும் கோட்டைக் கிடங்கில் இருக்கிறது. கூத்தாண்டார் வீட்டு விருந்தாளிகள் வரிசையில் செட்டியார் பெயருக்கு நேரே, ஏன் போனார் என்ற இடத்தில், 'அனுமதி முடிந்தது' என்று எழுதியிருக்கிறது.