இரண்டாம் பதில்

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் பூங்கோதை. குழந்தைகள் உலகத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் ஆராயும் பேராசிரியர். சீடரின் பெயர் சவரிமுத்து. முப்பத்தேழு வருஷம் ஒன்றாம் வகுப்பு வாத்தியார். அந்த முப்பத்தேழில் ஒரு வருஷம், பூங்கோதை அவரிடம்தான் ‘அ’ போட்டுப் பழகினார்.

ஆய்வு மாணவராக அவர் உள்ளே நுழைந்த முதல் நாள், பேராசிரியர் சட்டென்று எழுந்து நின்றார்.

“உக்காருங்க சார்.”

“நீங்க முதல்ல உக்காருங்க மேடம்.”

“சார் நிக்கும்போது நான் எப்படி…”

“மேடம் நிக்கும்போது நான் எப்படி…”

ஆய்வுக்கூட உதவியாளர் பிச்சம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்து எட்டிப் பார்த்தார். “ரெண்டு பேரும் இப்படியே நின்னு ஆராய்ச்சி பண்றதா இருந்தா, நாற்காலியத் தூக்கி உள்ள போட்டுடுறேன்.”

இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

அந்தக் கூடம் இப்போது இல்லை. விடைத்தாள் கட்டுகளை அடுக்கும் அறையாகிவிட்டது. அப்போது அங்கே ஒரு சுவரில் பெரிய கண்ணாடி இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அறை தெரியும். வருகிற பிள்ளைகள் அதில் மூக்கை நசுக்கிப் பன்றி முகம் காட்டுவார்கள். அந்தப் பக்கம் குறிப்பெடுக்க உட்கார்ந்திருப்பவர்களும் பதிலுக்குப் பன்றி முகம் காட்டுவார்கள். அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

சவரிமுத்துவின் ஆராய்ச்சி சின்னது. ஆறு வயதுப் பிள்ளை. முன்னால் ஒரே மாதிரி இரண்டு டம்ளர், இரண்டிலும் ஒரே அளவு சிவப்புத் தண்ணீர். பிள்ளை பார்க்கப் பார்க்க, ஒன்றில் இருப்பதை ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றி ஊற்றுவார். எதில் அதிகம், இல்லை இரண்டும் ஒன்றுதானா என்று கேட்பார். வேறு டம்ளருக்குப் போனாலும் தண்ணீர் கூடாது, குறையாது என்பது ஒரு பிள்ளைக்கு எப்போது தெரிய வருகிறது? அவ்வளவுதான்.

நாற்பத்தேழு பிள்ளைகளை அவரவர் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். நாற்பத்தெட்டாவது பிள்ளை நஸ்ரினுக்கு அன்று பள்ளி விடுமுறை. அதனால் அவள் கூடத்துக்கே வந்தாள். பூங்கோதை கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

சவரிமுத்து ஊற்றினார்.

“இப்ப எதுல அதிகம் கண்ணு? இல்ல ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணுதான். இப்பத்தான ஊத்துனீங்க?”

“நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. எதுல அதிகம்? இல்ல ரெண்டும் ஒண்ணா?”

நஸ்ரின் டம்ளரைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் டம்ளரைப் பார்த்தாள்.

“இதுல.”

“ஏன்?”

“இது ஒசரமா இருக்கு.” கொஞ்சம் பொறுத்து, “குடிக்கலாமா?” என்றாள்.

வழிமுறைத் தாளில் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் முதல் பதில் நாக்கிலிருந்து வரும், இரண்டாவதுதான் மண்டையிலிருந்து வரும் என்பது வாத்தியாரின் முப்பத்தேழு வருஷ நம்பிக்கை. தாளில் அவராகவே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தார். அந்தக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினார்.

வெளியே போகும்போது நஸ்ரின் பிச்சம்மாளிடம் ரகசியமாகச் சொன்னாள்: “அந்தத் தாத்தாவுக்கு ஒசர டம்ளர்தான் பிடிச்சிருக்கு.”

மறுவாரம் வெள்ளிக்கிழமை காலை சவரிமுத்து கட்டுக் கட்டாகத் தாள்களோடு வந்தார். மேலே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவம்.

“மேடம், இன்னையோட எனக்கு ஆறு வருஷம் முடியுது. இதுக்கு மேல நீட்டிக்க மாட்டாங்களாம். நீங்க கையெழுத்துப் போட்டா ஆய்வேடு உள்ள போயிடும், நான் முனைவர் ஆன மாதிரிதான். இல்லேன்னா முதல்லருந்து பதிவு பண்ணணும்.”

“தெரியும் சார்.”

“ஊர்ல பழைய மாணவனுங்க ஃபிளெக்ஸே அடிச்சிட்டானுங்க. முனைவர் சவரிமுத்துன்னு.”

“போட்டோ நல்லா இருக்கா?”

“ரேஷன் கார்டுல இருந்து எடுத்திருக்கானுங்க.”

பூங்கோதை பேனாவைத் திறந்தார். படிவத்தைத் தொடவில்லை.

“சார், இவ்வளவு பிள்ளைங்களைக் கேட்டீங்க. உங்களுக்குக் கேக்கணும்னு ஏதும் இருக்கா?”

சவரிமுத்து கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்ணு இருக்கு மேடம். அதுதான் தூங்க விடல. நாப்பத்தெட்டுல முப்பத்தொரு பிள்ளைங்க முதல்ல சரியாச் சொல்லிட்டு அப்புறம் மாத்திடுச்சுங்க. வந்த அறிவு ஏன் மேடம் தங்க மாட்டேங்குது? அஞ்சு நிமிஷம்கூட நிக்கலையே. இவ்வளவு லேசாவா இருக்கும்?”

பேராசிரியர் பேனாவை மூடினார்.

“சார், ஒண்ணாம் வகுப்புல நான் எங்க உக்காந்திருந்தேன்?”

சவரிமுத்துவின் முகம் விரிந்தது.

“ரெண்டாவது வரிசை. ஜன்னல் ஓரம். பக்கத்துல அந்த ரெக்ஸலின் பொண்ணு. வெளிய மர அறுவை மில். உனக்கு எப்பவும் மூக்கு… உங்களுக்கு எப்பவும் ஜலதோஷம் மேடம்.”

“மூக்குன்னே சொல்லுங்க சார்.”

“மில்லு ரம்பத்தை அப்படியே வாயில ஓட்டுவீங்க. மில்லு லீவு அன்னைக்கும் எங்க வகுப்புல ரம்பம் ஓடும். சேமியா ஐஸ்காரன், பெரிய சிஸ்டர், யார் குரலையும் விட்டதில்ல. ஒருநாள் நான் போர்டுல எழுதிட்டிருக்கேன். பின்னால என் குரலு! ‘எல்லாரும் சிலேட்டைத் துடைங்க!’ நான் திரும்புறதுக்குள்ள நாப்பது பேரும் எச்சில் தொட்டுத் துடைச்சாச்சு. நான் திருத்தாத கணக்கு அத்தனையும் போச்சு.”

“பெஞ்சு மேல ஏத்தி விட்டீங்க.”

“ஏத்தி விட்டுட்டு, போர்டு பக்கம் திரும்பி நின்னு சிரிச்சேன். அது உங்களுக்குத் தெரியாது.”

“முதுகு குலுங்கிச்சு சார். எல்லாருக்கும் தெரியும்.”

இருவரும் கொஞ்ச நேரம் அந்த வகுப்பிலேயே இருந்தார்கள். சாக்பீஸ் தூசு, ஈரச் சிலேட்டு வாசனை, மில்லிலிருந்து காற்றில் வந்து நோட்டில் படியும் மரத்தூள்.

பிறகு பூங்கோதை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முகவாயைக் கொஞ்சம் தூக்கினார். தொண்டையை ஒருமுறை செருமினார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு. எங்க உக்காந்திருந்தேன்?”

குரல் சவரிமுத்துவுடையது. அந்த இழுப்பு, அந்தக் ‘கண்ணு’, அந்த ஒன்றாம் வகுப்புக் கண்டிப்பு, எல்லாம் அப்படியே.

சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அறியாமலே கை கட்டிக்கொண்டது.

“ரெண்டாவது… இல்ல. மூணாவது வரிசை.”

பேராசிரியர் தூக்கிய முகவாயை இறக்கவில்லை.

“மூணாவதுதான். தூண் பக்கத்துல. ரெண்டாவதுல இருந்தது ரெக்ஸலின் மட்டும்.”

பூங்கோதை கண்ணாடியை இறக்கிக்கொண்டார். குரலும் இறங்கிப் பழையபடி அவர் சொந்தக் குரலாயிற்று.

“ரெண்டாவதுதான் சார். ஜன்னல் ஓரம்.”

“அது எனக்கு நல்லாத் தெரியுமே!”

“அப்புறம் ஏன் மாத்துனீங்க?”

“நீங்கதானே மறுபடி கேட்டீங்க? தப்பா இருந்தாத்தானே வாத்தியார் மறுபடி…”

சவரிமுத்துவின் கண் தாள் கட்டுக்குப் போனது.

பிச்சம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். பிச்சம்மாள் எதுவும் சொல்லாமல் போனது அந்த ஆறு வருஷத்தில் அன்றைக்கு மட்டும்தான்.

சவரிமுத்து தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். தாம் கூடுதலாகப் போட்ட கட்டத்தின்மேல் விரல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனது. தெரியவில்லை. தெரியவில்லை. தெரியவில்லை. நஸ்ரினின் தாள் வந்ததும் விரல் நின்றது.

மேலே இருந்த படிவத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“கையெழுத்து வேண்டாம் மேடம்.”

“முதல்லருந்து பதிவு பண்ணணும் சார். பிள்ளைங்களும் புதுசா நாப்பத்தெட்டு பேர் வேணும்.”

“பண்ணிக்கலாம். ஃபிளெக்ஸைச் சுருட்டி வைக்கச் சொல்றேன்.”

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“இந்த நாப்பத்தெட்டு பேரை விடுங்க மேடம். முப்பத்தேழு வருஷம். வருஷத்துக்கு நாப்பது பிள்ளைங்க. யாரையும் நான் ஒரு தடவையோட விட்டதில்ல. அவங்க முதல்ல சொன்னதை எல்லாம் இனி எங்க போய்க் கேப்பேன்?”

டீயில் ஆடை படிந்தது. பூங்கோதை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒருத்தி இங்க இருக்கேன் சார்,” என்றார். “கேளுங்க. ஒரு தடவை.”