நடுக்குரல்காரன் என்ன பாடினான்?

முன்னொரு காலத்தில், கடல் தாண்டிப் போனால் வருகிற ஒரு குளிர் தேசத்தை ஹும்பெர் என்ற ராஜா ஆண்டுவந்தான். பாட்டென்றால் அவனுக்கு உயிர். தன் காதுக்கு ஈடு உலகத்திலேயே இல்லை என்ற நினைப்பும் கூடவே உண்டு.

அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பாட்டே ஒரு தினுசு. மேல்குரல், நடுக்குரல், கீழ்க்குரல் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு பாட்டைப் பாடுவார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். வார்த்தைதான் யாருக்கும் பிடிபடாது.

ஒருநாள் ராஜா, நடுக்குரல் பாடும் பெரோவுக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். பாடகர் தலைவன் கிஸ்லேனுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் தேவாலயத்தில் பாட்டு முடிந்ததும் ராஜாவிடம் ஓடினான்.

“பிரபு, பெரோ நடுக்குரலில் தங்களைக் கழுதை என்று பாடினான். தங்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்?”

ராஜாவுக்கு ஒன்றும் விழவில்லை. அதைச் சொன்னால் மானம் போய்விடாதா? “ஏன் விழாமல், நானும்தான் கேட்டேன்” என்றுவிட்டான். பெரோவின் நாக்கை அறுக்க உத்தரவானது. ‘நீ என்னப்பா பாடினாய்?’ என்று அவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

மந்திரி மார்சியால் சிறைக்குப் போய்ப் பெரோவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுச் சபைக்கு வந்தார். “நாக்கு போகுமுன் ஒரு தடவை பாடவிடுங்கள், பிரபு. அப்புறம் ஆசைப்பட்டாலும் அந்தக் குரல் கிடைக்காது.”

பெரோவும் மற்ற இரண்டு பாடகர்களும் சபையில் பாடினார்கள். ராஜா சிம்மாசனத்தில் கண்ணை மூடித் தலையாட்டினான். பக்கத்து ஆசனத்தில் கிஸ்லேன் தொடையில் தாளம் தட்டினான். மற்றவர்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள்.

“வார்த்தைகள் எப்படி, பிரபு?” என்றார் மந்திரி.

“ஒவ்வொன்றும் தேன்.”

“உமக்கு, கிஸ்லேன்?”

“ஒன்றுவிடாமல் கேட்டேன்.”

“பெரோ, இப்போது பாடிய உன் பங்கை மட்டும் தனியாகப் பாடு.”

பெரோ பாடினான்: “என் சொல் காதில் விழுந்தவர் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்திருப்பவர் என்மேல் பொய் சொன்னவர்.”

கிஸ்லேன் அப்போதுதான் எழுந்தான், அதுவும் வாசலைப் பார்த்து. காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். ராஜா எழவில்லை. முகம் செத்துப்போயிருந்தது.

“அவன் சொன்னது பொய். நான் சொன்னதும் பொய்தான். என் வீம்புக்காக ஒருத்தன் நாக்கையே அறுக்கப் பார்த்தேனே, வெட்கமாக இருக்கிறது, மார்சியால்” என்றான். மந்திரிக்குத் தன் கழுத்துச் சங்கிலியைப் போட்டான். கிஸ்லேனின் பதவியைப் பெரோவுக்குக் கொடுத்தான்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: “அன்றைக்கு நீ உண்மையில் என்னதான் பாடினாய், பெரோ?”

“எங்கள் ராஜாவுக்கு நீண்ட ஆயுசு கொடு, ஆண்டவரே என்று பாடினேன், பிரபு.”

ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். குனிந்த தலையை அன்று முழுக்க நிமிர்த்தவே இல்லை.