நாச்சாத்தா கண்ட ஆட்டுக்கொல்லி

ஆட்டுக்கொல்லி நோய் நாட்டை விட்டே ஒழிந்ததா என்று பார்க்க டெல்லிக் குழு வருகிற நாள். காலையிலேயே ஜீப்பில் வந்திறங்கினார் மாவட்டக் கால்நடை அதிகாரி. வெள்ளாடு மேய்க்கும் நாச்சாத்தாவிடம், "இந்தாம்மா, வர்றவங்களுக்கு விருந்து வைக்கணும். அந்தக் கொழுத்த கிடாவை அறு. இல்லேன்னா உன் மந்தைக்கே நோய்னு எழுதிடுவேன்" என்று உறுமினார்.

மதியம் வந்த குழுத் தலைவி கேட்டார்: "இங்கே ஆட்டுக்கொல்லி இருக்காம்மா?"

"ஊசி போட்டதுக்கப்புறம் இல்லீங்கம்மா. இன்னைக்குக் காலையிலதான் ஒண்ணு வந்துச்சுங்க."

தலைவி பதறிப்போனார். "அறிகுறி என்ன?"

"வாயில எச்சில் ஊறுதுங்க. கண்ணு கிடாவை விட்டு நகர மாட்டேங்குதுங்க."

"எந்த ஆட்டுக்கு?"

"ஆட்டுக்கு இல்லீங்கம்மா. உங்க பக்கத்துல நிக்கிறாருங்களே, இவருக்குத்தான்."

அன்றைக்கு எல்லோருக்கும் தயிர்ச்சோறுதான். முதல் கவளம் கிடாவுக்கு.